நாலாம் இலக்கத்தின் முதல் பறிப்பு

வவுனியா
9-12-1972

அன்புள்ள மீனலோசனிக்கு,

இங்கு நான் சுகம். உமது சுகத்துக்கும் மாமாவின் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். மாமாவின் இருமலுக்குக் கொடுத்துவிட்ட மருந்து முடிந்திருந்தால் எழுதவும்.

ஒரு உதவி கேட்டு இதை எழுதுகிறேன். வெளிநாட்டுப் பருப்பு வருவது குறைந்துவிட்டதால் கௌபிப் பயற்றைப் பரப்பவேண்டும் என்று மேலிடத்தில் அவசரப்படுகிறார்கள். எங்கள் பண்ணையில் ஐந்து புது இனங்கள் இருக்கின்றன. ஆனால் ஒரு இனம் வவுனியாவில் முதலாவதாக வரும். அதே இனம் முருங்கனில் கடைசிக்குப் போய்விடும். மண் வேறு, மழை வேறு, காற்று வேறு. எங்கே போட்டாலும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் காய்க்கிற இனம் எது என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தந்திருக்கும் வேலை. அதற்கு ஒரே இனங்களைப் பல இடங்களில் ஒரே மாதிரி விதைத்துப் பார்க்கவேண்டும். ஒரு இடத்தில் ஒரு போகத்தைப் பார்த்து முடிவு கட்டுவது எங்கள் வேலையில் பெரிய பிழை. குறைந்தது மூன்று போகம் பார்க்கவேண்டும்.

வவுனியா, முருங்கன், கிளிநொச்சி, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் அரசாங்கக் காணி இருக்கிறது, கூலியாட்களும் இருக்கிறார்கள். தீவுப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. உமது சீதனக் காணியில் கிணற்றுக்கு மேற்கே இருக்கும் துண்டைத் தரமுடியுமா என்று மாமாவிடம் கேட்டு எழுதவும்.

நிபந்தனைகள் சில உண்டு. விதைத்தபின் தண்ணீர் இறைக்கக்கூடாது, மழையும் மண்ணிலுள்ள ஈரமும் போதும். எரு போடக்கூடாது. பாத்திகளின் தலைமாட்டில் நடும் இலக்கத் தகடுகளை மாற்றக்கூடாது. பறிக்கும் காய்களை அந்தந்த இலக்கமிட்ட பையில் போட்டு வைக்கவேண்டும். நான் விதைப்புக்கு ஒருமுறை, பூக்கும்போது ஒருமுறை, நிறுவைக்கு ஒருமுறை என்று போகத்துக்கு மூன்று தரம் வருவேன். பயணச் செலவு திணைக்களத்தினுடையது.

இப்படிக்கு,
வே. பாலசிங்கம்

*

மடத்துவெளி,
புங்குடுதீவு
17-12-1972

அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்துக்கு எழுதியதை மாறி எனக்கு அனுப்பிவிட்டீர்களோ என்று முதலில் நினைத்தேன். மேலே என் பெயர் இருந்தபடியால் வாசித்து முடித்தேன்.

ஐயாவிடம் கேட்டேன். "காணி அவளின்ரை, கேக்கிறது அவளின்ரை மனுசன். என்னட்டை என்னத்துக்குக் கேக்கிறார்?" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "என்ரை ஊர்விதையையும் ஒரு பாத்தியிலை போடச் சொல்லு. அஞ்சுக்கும் ஈடாய் அது ஒண்டு காணும்" என்றார். அதை ஆறாம் இலக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வைக்காவிட்டால் காணி இல்லையாம்.

இருமல் பரவாயில்லை. இரவிலே கொஞ்சம் கூட. மருந்துப் போத்தல் காலியாகிவிட்டது. எனக்குச் சுகம். நீங்கள் கேட்டபடியால் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

தண்ணீர் இறைக்கமாட்டேன், எரு போடமாட்டேன், தகடு மாற்றமாட்டேன். பக்கத்து வளவு நாகமுத்தக்காவின் ஆடுகளுக்கு மட்டும் இந்த நிபந்தனைகளை வாசித்துக் காட்டினாலும் விளங்காது, ஆகவே வேலியை அடைப்பித்துவிடுகிறேன்.

போன வருடம் இதே மார்கழியில் நான் உங்கள் குவாட்டர்ஸில் காய்ச்சலாகக் கிடந்தேன். "உமக்கு இந்த இடம் ஒத்துவராது" என்று சொல்லி என்னை ரயிலேற்றிவிட்டீர்கள். ஐயாவும் தனிய என்று நானும் சொன்னேன், அதுவும் உண்மைதான். நான் இங்கேயும் நீங்கள் அங்கேயும் என்று வருடம் ஒன்று ஆகப்போகிறது. கௌபியின் புண்ணியத்தில் மூன்று தரம் வருவீர்கள் என்று அறிந்து சந்தோஷம்.

மீனலோசனி

*

வவுனியா
12-5-1973

அன்புள்ள மீனலோசனிக்கு,

நிறுவைக்கு வந்தபோது செய்த உபசாரத்துக்கு நன்றி. ஒடியற்கூழ் இன்னும் நாக்கில் நிற்கிறது.

ஐந்து இடத்துக் கணக்கும் வந்துவிட்டது. நாலாம் இலக்கம் நாலு இடத்தில் முதலாவது. குத்தாக நிற்கிற செடி, முந்திப் பூக்கும், முந்திக் காய்க்கும், காய் ஒன்றாக முற்றும். பெரியவர் (எங்கள் ஆராய்ச்சி உத்தியோகத்தரை அப்படித்தான் சொல்வோம்) அதைப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார். ஆனால் உமது காணியில் நாலாம் இலக்கம் ஐந்தாவதாக வந்திருக்கிறது. அங்கே முதலாவது மாமாவின் ஊர்விதை.

எனக்கு விளங்காதது இதுதான். பூவுக்கு வந்தபோது நாலாம் இலக்கத்தில்தான் அதிகம் பூ இருந்தது. நிறுவைக்கு வந்தபோது பையில் காய் இல்லை. செடியைப் பார்க்கலாமென்றால், கொடியெல்லாம் அதற்குள் ஆட்டுக்குப் போய்விட்டது. பறித்த காய் முழுவதும் பையில் போட்டீரா? பிழை பிடிக்கக் கேட்கவில்லை. பெரியவர் கேட்பார், நான் பதில் சொல்லவேண்டும்.

பாலசிங்கம்

*

மடத்துவெளி
26-5-1973

அத்தானுக்கு,

வீட்டுக்கு வந்த காய் ஒன்றுகூடத் தவறவில்லை. ஒரு சுண்டல் அவிக்கவில்லை. நாகமுத்தக்கா ஒரு பிடி கேட்டதற்கு, இது அரசாங்கத்துக் காய் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவ முகத்தை நீட்டிக்கொண்டு போனதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கொடியை ஆட்டுக்குக் கொடுத்துத்தான் பிறகு சமாதானம் செய்தேன்.

ஊர்விதை முதலாவது என்றதும் ஐயா கதிரையை முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டு, போகிறவன் வருகிறவன் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அரசாங்கமே அவருடைய விதைக்குப் பணிந்துவிட்டதாகக் கதை. இருமல்கூடக் குறைந்துவிட்டது.

நீங்கள் பின்நேர பஸ்ஸில் வந்தீர்கள். லாம்பு வைக்கும்வரை காய் நிறுத்தீர்கள். சாப்பிட்டுவிட்டு எழுதினீர்கள். விடிய முதல் பஸ்ஸில் போய்விட்டீர்கள். "மீனா, உன்ரை மனுசன் கௌபி பாக்க வந்தவரோ, உன்னைப் பாக்க வந்தவரோ?" என்று நாகமுத்தக்கா கேட்டா. கௌபிக்குத்தான் பயணச் செலவு கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்தபிறகு அழுகை வந்தது. இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன், பிறகு எழுதினேன்.

அடுத்தமுறை இரண்டு நாள் நில்லுங்கள்.

மீனலோசனி

*

வவுனியா
3-6-1974

அன்புள்ள மீனலோசனிக்கு,

சொன்னபடி இம்முறை இரண்டு நாள் நின்றேன். இரண்டாம் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் உமது கிணற்றில் தண்ணீர் அள்ளும் துலாவைத் திருத்தியதை மாமா குறை சொல்லமாட்டார் என்று நம்புகிறேன்.

இரண்டாம் போகமும் அதே கதை. நாலாம் இலக்கம் எல்லா இடத்திலும் முன்னுக்கு, உமது காணியில் பின்னுக்கு. அங்கே நிலத்தில் கீறிக் காட்டியதுபோல ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கோடு கீறிப் பார்ப்போம். மோசமான இடத்திலிருந்து நல்ல இடத்துக்குப் போகப்போக விளைச்சல் எப்படி ஏறுகிறது என்று அந்தக் கோடு காட்டும். நாலாம் இலக்கத்தின் கோடு நேராக வந்து, உங்கள் தீவில் மட்டும் முறிந்து விழுகிறது.

பெரியவர் பொறுமையிழந்துவிட்டார். அந்தத் துண்டை விட்டுவிட்டு மற்ற நாலையும் வைத்து முடிப்போம் என்கிறார். நான் இணங்கவில்லை. தனக்குப் பிடிக்காத பதிலைச் சொல்கிறது என்பதற்காக ஒரு இடத்தைத் தள்ளிவிட முடியாது என்று சொன்னேன். மூன்று போகம் என்று தொடங்கினோம், மூன்று போகமும் பார்க்கவேண்டும். நான் இவ்வளவு பிடிவாதமாக நின்றதைக் கண்டு அவரே ஒருமாதிரிப் பார்த்தார். கடைசியில் ஒத்துக்கொண்டார்.

அந்தத் துண்டு போய்விட்டால் எனக்கு அங்கே வருவதற்கு ஒரு அலுவலும் இல்லை என்பதையும் நான் யோசிக்காமலில்லை.

பாலசிங்கம்

*

மடத்துவெளி
15-6-1974

அத்தானுக்கு,

உங்கள் கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். முழுக் கடிதத்தையும் விட்டு அதை மட்டும் அனுப்பியிருந்தாலும் முத்திரைக்காசு வீணில்லை.

துலாவைப் பற்றி ஐயா குறை சொல்லவில்லை. நீங்கள் போனபிறகு அதைக் கழற்றித் தன்பாட்டுக்குத் திரும்பக் கட்டினார்.

அந்தக் கோட்டை நீங்கள் நிலத்திலே கீறிக் காட்டியபோது எனக்கு விளங்கியது. எங்கள் காணிக்கு வந்ததும் முறிகிறது என்கிறீர்கள். பிறந்த இடத்துக்குப் பழி வந்தமாதிரி எனக்கு ஒரு கோபம். இவ்வளவு பூப் பூத்ததைக் கண்ணால் கண்டோமே, அது எங்கே போகிறது? உப்பென்றால் ஊர்விதைக்கும் அதே உப்புத்தானே.

துண்டைத் தள்ளவிடாதீர்கள். வெளிப்படையாகவே சொல்கிறேன். விதைப்புக்கு நீங்கள் வந்து போனால் பூவுக்கு எப்போது என்று பார்த்திருப்பேன். பூவுக்கு வந்து போனால் நிறுவைக்கு. அதற்குப் பிறகு மார்கழிவரை பார்க்க ஒன்றும் இல்லை.

மீனலோசனி

*

வவுனியா
22-9-1975

அன்புள்ள மீனலோசனிக்கு,

இது நல்ல செய்தி. முதலில் அதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். தை மாதத்திலிருந்து என்னை ஊர்காவற்றுறைக்கு மாற்றப் போகிறார்கள். மடத்துவெளிக்கு பஸ் இருக்கிறது, வீட்டிலிருந்தே வேலைக்குப் போகலாம். நாங்கள் ஒரு வீட்டில் இருப்போம்.

நடந்தது இதுதான். மூன்றாம் போகமும் நாலாம் இலக்கம் அங்கே விழுந்தபின் நான் இருந்து ஒரு அறிக்கை எழுதினேன். நாலாம் இலக்கம் முந்திப் பூக்கிறது. மாசி மாதம் உப்புக்காற்று கடலிலிருந்து வீசுகிற நேரமும் அதுதான். காற்றுப் பட்டுப் பூ உதிர்கிறது. ஊர்விதை பிந்திப் பூப்பதால் தப்பிவிடுகிறது. ஆகவே உள்நாட்டுக்கு நாலாம் இலக்கம், தீவுகளுக்கு அது கூடாது. தீவுகளுக்கென்று வேறு இனம் தேடவேண்டும், அங்கேயே ஒருவர் இருந்து தேடவேண்டும். இதுதான் அறிக்கை. பெரியவர் அதைக் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே அதை மெச்சி, தீவுப் பகுதிக்கென்று ஒரு வேலைத் திட்டமே போட்டுவிட்டார்கள். அதற்கு என்னைப் போடுகிறார்கள்.

எனக்குச் சந்தோஷத்தை எழுதிப் பழக்கமில்லை. இரண்டு நாளாகப் பண்ணையில் எல்லாரோடும் கதைத்துக்கொண்டு திரிகிறேன். அதிலிருந்து விளங்கிக்கொள்ளும்.

அச்சிடுமுன் அறிக்கையோடு ஒரு பின்னிணைப்புச் சேர்க்கவேண்டும். விதைப்பிலிருந்து நிறுவைவரை அந்தக் காணியில் என்னென்ன நடக்கும் என்று, ஒன்றும் விடாமல், நடந்த ஒழுங்கில் எழுதி அனுப்பும். உமது நடையிலேயே எழுதும், நான் திருத்திக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாலசிங்கம்

*

மடத்துவெளி
4-10-1975

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தை ஐயாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். "ஒரு வீட்டில் இருப்போம்" என்ற இடத்தில் ஐயா எழும்பி மாடு பார்க்கப் போனார். மாடு கட்டையில் சும்மாதான் நின்றது.

நடு அறையை ஒதுக்கிவிட்டேன். அம்மாவின் பழைய அலுமாரியில் இரண்டு தட்டு உங்களுக்கு. உங்கள் கடதாசிகளுக்கு ஜன்னலோரம் ஒரு மேசை வேண்டும் என்று நாகமுத்தக்காவின் மகனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தச்சுவேலை.

இனி நீங்கள் கேட்டது. மார்கழி மழை விட்டதும் இரண்டு உழவு. தை பிறக்குமுன் நீங்கள் வந்து விதைப்பீர்கள். முளைத்தபின் ஒரு களை, பிறகு பூக்குமுன் ஒரு களை. தண்ணீர் இல்லை. அசுகுணிப் பூச்சி பட்டால் சாம்பல் தூவுவேன், எல்லாப் பாத்திக்கும் ஒரே அளவு. மாசியில் நீங்கள் பூப் பார்க்க வருவீர்கள். பங்குனி பிறந்ததும் காய் காயத் தொடங்கும். பங்குனி முதல் திங்களன்று விடிய முழுகிவிட்டு, அதுவரை காய்ந்து நிற்கிற காய் முழுவதையும் பறித்து அம்மன் கோயில் பொங்கலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை பறிப்பு, பறித்ததை இலக்கப்படி பையில் போடுவேன். மூன்று நாலு பறிப்பு வரும். சித்திரை வருடப்பிறப்புக் கழிய நீங்கள் நிறுக்க வருவீர்கள். கொடி ஆட்டுக்கு.

இவ்வளவுதான். ஒன்றும் விடவில்லை.

தையில் எந்தத் தேதி என்று சரியாக எழுதுங்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பிக்கவேண்டும்.

அன்புள்ள,
மீனலோசனி

*

வவுனியா
11-10-1975

மீனலோசனிக்கு,

பங்குனித் திங்களன்று கோயிலுக்குக் கொடுக்கும் காயைப் பற்றி எழுதியிருந்தீர். அது எல்லாப் பாத்தியிலிருந்துமா, சிலதிலிருந்துமட்டுமா? எவ்வளவு இருக்கும்? மூன்று வருடமும் கொடுத்தீர்களா? உடனே பதில் போடவும்.

பாலசிங்கம்

*

மடத்துவெளி
18-10-1975

அத்தானுக்கு,

எந்தப் பாத்தியில் காய்ந்து நிற்கிறதோ அதிலிருந்துதான். அந்த நேரத்தில் காய்ந்து நிற்பது நாலாம் இலக்கம்தான், வேறெதிலும் அங்கொன்று இங்கொன்று. ஊர்விதை அப்போது பச்சை. எவ்வளவு என்றால் எனக்குத் தெரியாது. ஒரு பெரிய பனையோலைக் கடகம் நிறைய வரும். அம்மனுக்குக் கொடுக்கிறதை நிறுப்பதோ எண்ணுவதோ எங்களில் இல்லை. அம்மா வைத்த நேர்த்திக்கடன். அந்தக் காணியில் என்ன விளைந்தாலும் முதல் பறிப்பு அம்மனுக்கு. அவ செத்த பிறகும் விடாமல் செய்கிறோம். மூன்று வருடமும் கொடுத்தோம். கொடுக்காத வருடமே இல்லை.

இதை ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறீர்கள் என்று யோசித்தேன். பிறகு நாலாம் இலக்கத்தின் பூ எங்கே போனது என்பதும் விளங்கிவிட்டது. உண்மையிலேயே எனக்குத் தோன்றவில்லை, அத்தான். அது எங்கள் காய் என்ற நினைப்பே எனக்கு இருந்ததில்லை.

மீனலோசனி

*

வவுனியா
27-10-1975

அன்புள்ள மீனலோசனிக்கு,

உம்மில் ஒரு பிழையும் இல்லை. நான் கேட்கவில்லை, நீர் சொல்லவில்லை. எங்கள் கரவெட்டி வீட்டில் காணியும் இல்லை, பறிப்பும் இல்லை. அப்பா தபாற்கந்தோரில் வேலை. இப்படி ஒரு வழக்கம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. மற்ற இடங்களில் பறிப்பது கூலியாட்கள், பறித்ததெல்லாம் தராசுக்குத்தான் வரும்.

நாலாம் இலக்கத்துக்கு முதல் பறிப்பிலேயே பாதிக்கு மேல் வந்துவிடும். அதுதான் அதன் இயல்பு. ஊர்விதை படர்ந்து, மெல்ல மெல்லக் காய்க்கும், முதல் பறிப்பில் அதற்கு ஒன்றும் போகாது. ஆகவே மூன்று வருடமும் நான் நிறுத்தது நாலாம் இலக்கத்தின் மிச்சத்தைத்தான். உப்புக்காற்று, பூ உதிர்வு எல்லாம் நான் இருந்து கட்டிய கதை. அழகாகத்தான் கட்டியிருக்கிறேன்.

இது இன்னும் ஒருவருக்கும் தெரியாது. அறிக்கை அச்சுக்குப் போகவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் தையில் ஊர்காவற்றுறைக்கு வந்துவிடுவேன். வந்தபின் இரண்டொரு வருடம் பார்த்து, நாலாம் இலக்கம் தீவுக்கும் சரிவரும் என்று மெதுவாகத் திருத்தி எழுதலாம். அப்படி ஒருவருக்கும் பெரிய நட்டம் வராது என்றும் எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். சொன்னால் மூன்று வருடக் கணக்கும் தள்ளுபடி, துண்டு தள்ளுபடி, மாற்றமும் தள்ளுபடி.

நீர் என்ன நினைக்கிறீர்?

பாலசிங்கம்

*

மடத்துவெளி
5-11-1975

அத்தானுக்கு,

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து முடிந்துவிட்டது. மேசையும் வந்துவிட்டது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இது லேசு என்று நினைப்பீர்கள்.

முதலில் ஒரு கோபத்தைச் சொல்கிறேன். விதைப்பு, பூ, நிறுவை. மூன்று வருடமும் இந்த மூன்றுக்கும் வந்தீர்கள். ஒரு வருடமாவது பங்குனித் திங்களுக்கு வந்திருந்தால், கடகம் என் தலையில் இருந்ததைக் கண்டிருப்பீர்கள். பொங்கலுக்கு வாருங்கள் என்று நான் ஒவ்வொரு மாசியும் சொன்னேன். "அது அட்டவணையில் இல்லை" என்றீர்கள். பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

நாகமுத்தக்கா கோயிலில் கிடைத்த காயில் ஒரு பிடியை விதைக்கு எடுத்து வைத்திருக்கிறா. போன வருடம் போட்டா. இப்போது கோயிலடியில் நாலைந்து வளவில் அதுதான் நிற்கிறது. "கிணறு உவராகமுந்தி காய் கைக்கு வந்திடுது, மீனா. உதுக்கென்ன பேர்?" என்று கேட்டா. பேர் இல்லை, நாலு என்றேன். அந்த நாலாம் இலக்கம் தீவுக்கு ஆகாது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. அது அச்சில் வந்தால் மற்ற ஊர்களுக்கு விதை கொடுக்கமாட்டார்கள். இரண்டொரு வருடம் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். இரண்டொரு வருடம் ஆட்கள் எதைச் சாப்பிடுகிறது?

நீங்கள் வரவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் இப்போது அறிந்துகொள்ளுங்கள். ஆனால் அம்மனுக்குக் கொடுத்த கடகத்தை மறைத்து வைத்து, அதன்மேல் கதிரை போட்டு இருக்க எனக்கு ஏலாது. தினம் உங்கள் முகத்தைப் பார்க்கும்போது அது ஞாபகம் வரும். என்ன நினைக்கிறீர் என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். செய்வது உங்கள் பாடு.

மீனலோசனி

*

வவுனியா
24-1-1976

அன்புள்ள மீனலோசனிக்கு,

இவ்வளவு நாளும் எழுதாததற்கு மன்னிக்கவும். எல்லாம் முடிந்தபின் எழுதலாம் என்று இருந்தேன்.

பெரியவரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் சிரித்தார். பிறகு கோபித்தார். பிறகு, "நான் அப்பவே தள்ளச் சொன்னனான்" என்றார். கொழும்புக்குக் கடிதம் போயிற்று. அறிக்கையைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். தீவுப் பகுதி வேலைத் திட்டம் கைவிடப்பட்டது. மாற்றமும் இல்லை. நாலாம் இலக்கத்தை வறண்ட பகுதி முழுவதுக்கும், தீவுகளையும் சேர்த்து, சிபார்சு செய்திருக்கிறார்கள். அதன் கோடு இப்போது முறிவில்லாமல் நேராகப் போகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மடத்துவெளித் துண்டு இந்தப் போகத்திலிருந்து மூடப்படுகிறது. தயவுசெய்து பாத்தி முளைக்கட்டைகளையும் இலக்கத் தகடுகளையும் பிடுங்கி, பைகளோடு சேர்த்து பஸ்ஸில் யாழ்ப்பாணம் கந்தோருக்கு அனுப்பிவிடவும். இனிமேல் அந்த மூன்று பயணமும் இல்லை.

சரியானதைத்தான் செய்தேன் என்று தெரிகிறது. இருந்தாலும் மனம் சரியில்லை. பண்ணையில் மற்ற நாலு இடத்துக்கும் விதை கட்டினார்கள். நான் பழக்கத்தில் ஐந்தாவதுக்கும் ஒரு பொட்டலம் கட்டிவிட்டேன். அதைப் பிரிக்காமல் மேசையில் வைத்திருக்கிறேன்.

பாலசிங்கம்

*

மடத்துவெளி
1-3-1976

அன்புள்ள அத்தானுக்கு,

முளைக்கட்டைகளும் தகடுகளும் பைகளும் போன கிழமையே யாழ்ப்பாணம் போய்விட்டன. கந்தோர்ப் பற்றுச்சீட்டை இதோடு வைத்திருக்கிறேன்.

துண்டு சும்மா கிடக்கவில்லை. உங்கள் விதை வராதபடியால் நாகமுத்தக்காவிடம் வாங்கி, தை பிறக்குமுன்னே முழுவதும் நாலாம் இலக்கம் போட்டுவிட்டேன். நல்லாய் நிற்கிறது. ஐயா ஊர்விதைக்கு வேலியோரம் ஒரு பாத்தி பிடித்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் கதிரையைப் போட்டு இருந்து பார்க்கிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்று அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே, "ஐயா, நான் வவுனியாவுக்குப் போயிருப்பன், ஆனா உங்களை ஆர் பாக்கிறது?" என்றேன். இந்தக் கேள்வியை நான் மூன்று வருடமாக எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன், அவரிடம் கேட்டதில்லை. கிண்ணத்தை வைத்துவிட்டுச் சொன்னார்: "போகாததுக்கு என்னைச் சாட்டாதை பிள்ளை. இருமல் எனக்கு, உனக்கில்லை. நாகமுத்து சோறு தருவாள், ஊர் முழுக்க எனக்குக் கதைக்க ஆள் இருக்கு." எனக்கு ஐயா, உங்களுக்குக் கௌபி. இரண்டு பேருக்கும் ஒவ்வொரு சாட்டு இருந்தது. இப்போது இரண்டும் இல்லை.

உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் ஒரு போகத்தைப் பார்த்து முடிவு கட்டுவது பெரிய பிழை, குறைந்தது மூன்று போகம் பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகப் பெரியவரோடும் சண்டை பிடித்தீர்கள். நான் அந்தக் குவாட்டர்ஸில் இருந்தது ஒரு போகம். அதிலும் பாதி காய்ச்சல். அந்த ஒன்றை வைத்து "உமக்கு ஒத்துவராது" என்று சொல்லி என்னை ரயிலேற்றினீர்கள். நாலாம் இலக்கத்துக்குக் கொடுத்த நியாயத்தை எனக்குக் கொடுக்கவில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, கேட்கிறேன்.

இம்மாதம் பதினைந்தாம் தேதி பங்குனி முதல் திங்கள். வாருங்கள். நிறுக்க ஒன்றும் இல்லை, பயணச் செலவும் ஒருவரும் தரமாட்டார்கள். முழுகிவிட்டு வந்து பறிக்கவேண்டும். இந்தமுறை ஒரு கடகம் போதாது, இரண்டாவதைத் தூக்க ஆள் வேண்டும்.

பொங்கல் முடிய, அடுத்த நாள் யாழ்தேவி ரயிலில் உங்களோடு வருகிறேன். மேசையில் இருக்கிற பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்திருங்கள், குவாட்டர்ஸுக்குப் பின்னால் போடலாம். அங்கே எனக்கு ஒரு போகம் முடிந்தது. இன்னும் இரண்டு இருக்கிறது.

மீனலோசனி